தலையில் அடிபட்டவரை முதல் நாள் பார்க்கும்போது

தலைக்காயப் பிரிவில் நரம்பு உளவியலாளராகச் சேரும் தம்பி தங்கைகளே, முதல் நாளே நினைவையும் கவனத்தையும் அளக்கும் சோதனைப் பெட்டியைத் திறக்காதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். கூட வந்தவரிடம் தனியாகப் பேசுங்கள்.

கேஸ் ஷீட்டில் கிளாஸ்கோ கோமா அளவு இருக்கும். அடிபட்டவர் எவ்வளவு சுயநினைவோடு இருந்தார் என்பதற்கான மதிப்பெண் அது. கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974இல் கொண்டுவந்தது. 3 முதல் 15 வரை. 8க்குக் கீழே, 8ம் சேர்த்து, கடுமையான காயம். 13 முதல் 15 வரை 'லேசானது' என்பார்கள். அந்தச் சொல்லைக் குடும்பத்தாரிடம் வாக்குறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். லேசான காயத்தோடு மாதக்கணக்கில் தவிப்பவர்களும் உண்டு.

அப்புறம் ஞாபக இடைவெளி, அதாவது அடிபட்ட பிறகு நினைவு தொடர்ச்சியாகப் பதியாத காலம். "அடிபட்டதுக்கு அப்புறம் முதல்ல எது ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். "லாரி இடிச்சுது, ரோட்டுல கிடந்தேன்" என்பார். "நீங்களே பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று உடனே கேட்க வேண்டும். பாதிக்கு மேல் சொல்லிக் கேட்டதாக இருக்கும். மாமா பழம் வாங்கி வந்தது மட்டும் நினைவிருந்து, அடுத்த இரண்டு நாள் வெறுமையாக இருந்தால் இடைவெளி இன்னும் முடியவில்லை. நினைவு தொடர்ச்சியாக ஓடத் தொடங்கும் நாள்வரை எண்ணுங்கள். ஒரு நாளைத் தாண்டினால் அது லேசான காயம் இல்லை.

மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் நான் தவறினேன். பதினைந்து சொற்களை ஐந்து முறை படித்துக் காட்டியதும் பதின்மூன்றைத் திருப்பிச் சொன்னார். கடைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அவர் மனைவி வந்தார். சில்லறை எண்ணும்போது இன்னொருவர் "துவரம்பருப்பு அரைக் கிலோ" என்றால் எண்ணிக்கை போய்விடுகிறது, பருப்பும் மறந்துவிடுகிறது. சாயங்காலமானால் வீட்டில் கத்தல். அமைதியான அறையில், ஒரு நேரத்தில் ஒரு வேலை கொடுத்த என் சோதனையில் இது எப்படித் தெரியும்? அந்த அம்மாவிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

இப்போது தவறாமல் கேட்கிறேன்: தூக்கம் எப்படி? கோபம்? சொல்லாமலே குளிக்கிறாரா? குழம்பு அடிப்பிடித்தால் வாசனை தெரிகிறதா? கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு மூக்குத் துளையிலும் காப்பித்தூளைக் காட்டிப் பாருங்கள். அடியின் வேகத்தில் மோப்ப நரம்பு இழைகள் அறுந்திருக்கலாம். அதற்கு நேர் மேலேதான் மூளையின் முன்மடலின் அடிப்பகுதி; நிதானத்துக்கும் முடிவெடுப்பதற்கும் வேண்டிய இடம். வாசனை போயிருந்தால் நிதானம், முடிவெடுப்பது இரண்டையும் கூடுதலாகக் கவனியுங்கள். சமையலறையில் கேஸ் கசிவு அலாரம் வைக்கச் சொல்லுங்கள்.

சோதனைக்கு வந்தால், படிப்பைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்துத் தெரியாதவருக்கு எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைக்கும் தாளைக் கொடுப்பது அநியாயம். வண்ண வட்டங்கள் உள்ள தாளைக் கொடுங்கள். மதிப்பெண்ணை வெளிநாட்டு அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் வயது, படிப்பு வாரியாக நம் மக்களின் அளவுகள் இருக்கின்றன.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் குடும்பத்துக்காகத் தமிழில் எழுதுங்கள். அந்தக் கடைக்காரருக்கு இரண்டாம் முறை எழுதியது: "காலையில் இரண்டு மணி நேரம், எடை போடுவது மட்டும். கல்லாவில் தம்பி. பைக் இப்போதைக்கு வேண்டாம்." ஆறு மாதம் கழித்துத்தான் கல்லாவில் உட்கார்ந்தார், கூட்டமில்லாத மதிய நேரத்தில்.