சாவி ஆஃப் பண்ணாலும் ஈசியூ அணையல: என் அனுபவம்

வெளி ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், வண்டியோட வந்தது இல்ல, வெளியில வாங்குனது) மாட்டுன வண்டி, ஒயரிங் ஏற்கனவே வேற யாரோ பண்ணது. சாவிய ஆஃப் பண்ணா எஞ்சின் நின்னுடும், ஆனா ஈசியூ லைட் மட்டும் மங்கலா எரிஞ்சுகிட்டே இருக்கும், ஒரு வாரம் நிறுத்தி வச்சா பேட்டரி இறங்கிடும். மெயின் ரிலே (ஈசியூக்கு கரண்ட் குடுக்கற எலக்ட்ரிக் சுவிட்ச்) ஆன்லயே ஒட்டிக்கிச்சோன்னு சந்தேகப்பட்டு அதையே கழட்டிப் பாத்தா அப்பவும் லைட் எரியுது! அப்ப பின்வாசல் வழியாதான் கரண்ட் வருது. ஒவ்வொரு ரிலேயா பிடுங்கிட்டே வந்தேன், ரேடியேட்டர் ஃபேன் ரிலேய எடுத்ததும் லைட் போச்சு.

இந்த ஈசியூ அவுட்புட் 12 வோல்ட் குடுக்காது, கிரவுண்ட் மட்டும்தான் பண்ணும், அதனால ரிலேய இயக்கற காயில்ல 85ம் நம்பர் பின் ஈசியூக்கு, 86ம் நம்பர் பின் பாசிட்டிவ்க்கு. இதுல 86ஐ நேரா பேட்டரில குடுத்திருந்தாங்க, கரண்ட் காயில் வழியா அவுட்புட் பின்னுக்கு வந்து, ஈசியூ உள்ள இருக்கற டயோட் (ஒரே திசையில மட்டும் கரண்ட் விடுற பாகம்) வழியா ஈசியூ சப்ளைக்கே ஏறிடுது. 86ஐ மெயின் ரிலேயோட 87க்கு (சாவி ஆன்ல இருந்தா மட்டும் கரண்ட் வர்ற அவுட்புட் பின்) மாத்துனேன், சரியாயிடுச்சு. ஃபேன் ரிலேயோட 30ம் பின்னுக்கு மட்டும் பேட்டரில இருந்து ஃப்யூஸ் போட்டு தடி ஒயர், ஃபேன் இழுக்கற லோடு அதுலதான் போவுது.

இன்னொன்னு, காயிலுக்கு குறுக்க டயோட் வச்ச ரிலேன்னா 85, 86ஐ மாத்தி குடுத்துடாதீங்க, ஈசியூ அவுட்புட்டே போயிடலாம்.