படகு ஒரு சுற்று பெரிதாக, துடுப்பு ஒரு சாண் குட்டையாக: முதல் பிளேபோட் வாங்குகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் "நான் கயாக் ஓட்டப் பழகுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் உடனே "டூசி எப்போ?" என்பார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கி, உம்சுண்டூசி, உம்ங்கேனி ஆறுகள் வழியாக டர்பன் வந்து சேரும் சுமார் 120 கிலோமீட்டர் பந்தயம் அது. 1951-இல் தொடங்கியது. ஆகவே இது நீளப் படகுக்கும் நீளத் துடுப்புக்கும் பழகிய ஊர். பிளேபோட், அதாவது ஆற்று அலையில் விளையாடுவதற்கான குட்டைக் கயாக், பழக வருகிறவருக்கு இங்கே இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனையில் பாதி வேறொரு விளையாட்டுக்கானது.

என் முதல் துடுப்பு அந்த இலவச ஆலோசனையில் வந்ததுதான். ஊரை விட்டுப் போகிற ஒருவர் மலிவாகக் கொடுத்தார். 214 செ.மீ. நீளம், அலகு (துடுப்பின் இரு முனையிலும் தண்ணீரைத் தள்ளும் தட்டை) கரண்டி மாதிரி குழிந்த 'விங்' வகை. நேராக முன்னே செலுத்த அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் வேகநீரில் படகு சாயும்போது துடுப்பைத் தண்ணீர் மேல் தட்டையாக அமர்த்தித்தான் உடம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நான் அமர்த்தினேன், அது கத்தி போல உள்ளே வழுக்கிப் போனது, பின்னாலேயே நானும் போனேன். குடித்த ஆற்றுத் தண்ணீருக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. இங்கே அதற்கு 'டூசி கட்ஸ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது தவறு படகில். வீடியோவில் குட்டிக்கரணம் போடுகிறவர்கள் உட்காரும் தம்மாத்துண்டு படகைப் பார்த்து, அதே மாதிரி வாங்கினேன். அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போனது. இரண்டு தவறும் சேர்ந்து ஒரு கணக்கைக் கற்றுக்கொடுத்தன: படகு, நீங்கள் ஆசைப்படுவதைவிட ஒரு சுற்று பெரிது; துடுப்பு, மற்றவர்கள் நீட்டுவதைவிட ஒரு சாண் குட்டை.

முதல் படி: எடையைப் பாருங்கள், தண்ணீரைப் பாருங்கள்

பிளேபோட் என்றால் ஆற்றைக் கடப்பதற்கான படகு அல்ல. ஓரிடத்திலேயே நின்று, அலை மீதும், தண்ணீர் மடங்கி விழும் 'ஹோல்' மீதும் விளையாடுவதற்கானது. அடிப்பாகம் தட்டை, ஓரங்கள் கூர்மை, முனைகள் மெல்லியவை. கச்சிதமான பிளேபோட் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். ஆற்றில் இறங்கிப் போகவும் வேண்டும், கொஞ்சம் விளையாடவும் வேண்டும் என்பவர்களுக்கு 2.1 முதல் 2.4 மீட்டர் வரை ஒரு நடுத்தர வகை உண்டு. முதல் படகுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஒவ்வொரு படகுக்கும் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். அதற்கு உங்கள் காலை நேர வெறும் எடையை ஒப்பிடாதீர்கள். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், ஈரத் துணி, ஷூ எல்லாம் சேர்த்தால் ஐந்தாறு கிலோ ஏறிவிடும். அந்த மொத்த எடை, சொல்லப்பட்ட அளவின் நடுவில் விழ வேண்டும். மேல் நுனியில் விழுந்தால் படகு தாழ்ந்து மிதக்கும்; ஓரம் தண்ணீரில் சிக்கிக் கவிழ்த்துக்கொண்டே இருக்கும். கீழ் நுனியில் விழுந்தால் வேறு தொல்லை. 52 கிலோ இருக்கும் என் மனைவி, 60 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கான படகில் ஏறினாள். இடுப்பை எவ்வளவு வளைத்தாலும் படகு சாயவே இல்லை. "கட்டிலை ஓட்டுற மாதிரி இருக்கு" என்றாள். சரியான விமர்சனம்.

படகின் கொள்ளளவை லிட்டர் கணக்கிலும் சொல்வார்கள். 75 கிலோ ஆளுக்கு முதல் படகு 210 முதல் 240 லிட்டருக்குள் இருந்தால் பயமில்லாமல் மிதக்கும்.

அடுத்தது தண்ணீர். டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் மழை கோடையில். நவம்பரிலிருந்து மார்ச் வரை உம்கோமாசி மாதிரி ஆறுகள் ஓடும். மேற்கு கேப்பில் மழை குளிர்காலத்தில். ஃப்ரீ ஸ்டேட்டில் உள்ள ஆஷ் ஆறு பெரும்பாலும் வருடம் முழுக்க ஓடும். லெசோத்தோ மலை அணைகளிலிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் அது, குளிர் எலும்பைத் தொடும். புதியவர்கள் தனியாகப் போகிற இடமும் இல்லை. நீங்கள் எந்த ஆற்றில் அதிகம் இருக்கப் போகிறீர்கள் என்று அங்கே போய்வருகிறவர்களிடம் கேட்டுவிட்டுப் பிறகு படகு பாருங்கள்.

இரண்டாம் படி: வாங்கும் முன் உட்காருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்து எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த தம்பி ஒருவன், என் படகுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டான்:

"அண்ணா, இதுல காலை எங்க வைக்கிறது?"

"அதைத்தான் தம்பி வாங்கறதுக்கு முன்னாடி கேக்கணும்."

படகைப் புல்தரையிலோ கம்பளத்திலோ வைத்து, ஆற்றுக்குப் போடுகிற அதே ஷூவோடு உட்காருங்கள். ஐந்து நிமிடம் போதாது. டிவியில் கிரிக்கெட் ஓடட்டும், அரை மணி உட்காருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. முதுகுப் பட்டை இடுப்புக்கு மேலே தாங்க வேண்டும். தொடை மேல் வளையும் பிடிப்புகள் முழங்காலுக்குச் சற்று மேலே அழுத்த வேண்டும். இரு பக்கமும் இடுப்புக்கும் படகுக்கும் நடுவே விரல் நுழையாத அளவுக்குத் திண்டு வேண்டும். இப்போது வலது முழங்காலை மேலே தூக்குங்கள். படகு உடனே இடது பக்கம் சாய வேண்டும். நீங்கள் மட்டும் உள்ளே நகர்ந்து படகு சும்மா இருந்தால், இன்னும் ஃபோம் ஒட்ட வேண்டும். பழைய கேம்பிங் மெத்தையை வெட்டிப் பசை போட்டு ஒட்டியே நான் சமாளித்தேன்.

பாதத்துக்குக் கவனம் கூடுதலாகத் தேவை. பிளேபோட்களில் காலுக்கு முன்னால் ஃபோம் அடுக்கு இருக்கும். கட்டைவிரல் மடங்கினால் அந்தப் படகு உங்களுக்கு இல்லை. கவிழ்ந்திருக்கும்போது சுலபமாக வெளியே வர முடியுமா என்பதும் இங்கேதான் தெரியும்.

மூன்றாம் படி: பழைய படகில் எங்கே தொட்டுப் பார்ப்பது

புதுப்படகு வாங்காதீர்கள். எப்படியும் பாறையில் உரசப் போகிறீர்கள், ஓராண்டில் உங்கள் ரசனையும் மாறப் போகிறது. 'ஃப்ளூயிட்' என்ற தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் படகுகள் இங்கே பழையதாகக் கிடைக்கும்.

படகைக் கவிழ்த்து, இருக்கைக்கு நேர் கீழே கட்டைவிரலால் அழுத்துங்கள். தேய்மானம் அங்கேதான் அதிகம். அப்பளம் மாதிரி உள்ளே போய் வெளியே வந்தால் விட்டுவிடுங்கள். கீறலில் நகத்தை ஓட்டுங்கள். நகம் ஆழமாக மாட்டினால் விலையைக் குறையுங்கள். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி, அடியில் ஈரம் கசிகிறதா பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். சாதாரண நெளிவுக்குப் பயப்பட வேண்டாம், டர்பன் வெயிலில் ஒருநாள் வைத்தால் பெரும்பாலும் தானே எழும்பிவிடும். ஆனால் நிறம் மங்கி, தொட்டால் சுண்ணாம்பு போல ஒட்டுகிற பிளாஸ்டிக், வெயிலில் பல வருடம் கிடந்தது; சட்டென்று விரிசல் விடும். போல்ட்கள் துருப்பிடித்திருந்தால் கடலில் ஓட்டிய படகாக இருக்கலாம், போல்ட்களை மாற்றிக்கொள்ளலாம். உள்ளே நடுவில் நிற்கும் ஃபோம் தூணும், பின்பக்கக் காற்றுப்பையும் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். தூண் இல்லாவிட்டால் தண்ணீர் அழுத்தத்தில் மேல்தளம் கால் மீது மடங்கலாம்.

நான்காம் படி: துடுப்பு

படகில் கஞ்சத்தனம் காட்டுங்கள், துடுப்பில் வேண்டாம். படகை இரண்டு வருடத்தில் மாற்றுவீர்கள். நல்ல துடுப்பு அடுத்த மூன்று படகுக்கும் கூட வரும்.

நீளம்: பிளேபோட்டுக்கு 190 முதல் 197 செ.மீ. என் உயரம் 170, நான் வைத்திருப்பது 194. குட்டைத் துடுப்பு என்றால் வேகமாக மாற்றி மாற்றி வீசலாம், தோள்பட்டைக்கும் நல்லது. அலகு 'விங்' ஆக இருக்கக் கூடாது.

கோணம்: ஒரு அலகைச் சுவரில் தட்டையாகச் சாய்த்து, தண்டின் வழியே மற்ற அலகைப் பாருங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இல்லாமல் திருகியிருக்கும். பழைய துடுப்புகளில் இது 80, 90 டிகிரி வரைகூட இருக்கும், மணிக்கட்டு நோகும். 30 டிகிரி போதும், 45-ஐத் தாண்ட வேண்டாம். வலது கை இறுகப் பிடிக்க, இடது கைக்குள் தண்டு சுழல்கிற வலக்கை வகைதான் பரவலாகக் கிடைக்கும். இடக்கைக்காரர்களும் பலர் அதிலேயே பழகுகிறார்கள், இரவல் வாங்க வசதி.

தண்டு: சிறிய கைகளுக்கு மெல்லிய தண்டு தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள். அலுமினியத் தண்டு மலிவு, ஆனால் ஆஷ் ஆற்றுக் குளிரில் அதைப் பிடிக்க மனம் வராது. கார்பன் எடை குறைவு, விலை அதிகம். முதல் துடுப்புக்கு ஃபைபர்கிளாஸ் நல்லது. நடுவில் மூட்டு உள்ளது வேண்டாம், ஆடத் தொடங்கும். பழையது என்றால் இரண்டு அலகையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். கழுத்தில், அதாவது அலகும் தண்டும் சேருமிடத்தில், மெல்லிய 'நற' சத்தம் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிடிக்கும் இடம் தெரிய, துடுப்பைத் தலை மேல் வையுங்கள். இரு முழங்கையும் செங்கோணமாக மடங்கும் இடத்தில் எலக்ட்ரிக் டேப் சுற்றிவிடுங்கள்.

மீதி

ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஸ்ப்ரே டெக், அதாவது தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் துணி, அந்த வாய் அளவுக்குப் பொருந்த வேண்டும். அதன் இழுப்பு வளையம் எப்போதும் வெளியே இருக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் கவிழ்ந்த நிலையில் தேட வேண்டிவரும்.

கடைசிப் படி: ஆற்றுக்கு முன் ஓர் அணை

முதல் நாள் மிட்மார் அணை மாதிரி அசையாத தண்ணீரில் இறங்குங்கள். கரையில் ஒருவரை நிறுத்தி, படகின் முன்முனையும் பின்முனையும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று கேளுங்கள். முன்முனை தாழ்ந்தால் இருக்கையை ஒரு விரற்கடை பின்னே தள்ளுங்கள். பிறகு ஆழமான இடத்தில், பக்கத்தில் ஆள் நிற்க, வேண்டுமென்றே கவிழுங்கள். படகை மூன்று முறை தட்டுங்கள், வளையத்தை இழுங்கள், வெளியே வாருங்கள். அவசரப்படாமல் மூன்று முறை தட்ட முடிகிற வரை இதையே செய்யுங்கள். அடுத்த வாரம் ஆறு.