தியான முறையை நமக்கேற்றபடி மாற்றலாமா?

மாற்றலாம். யோக சூத்திரத்தில் பதஞ்சலி ஆசனத்துக்குக் கேட்பது இரண்டே இரண்டுதான்: நிலையாக இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். மனத்தை நிறுத்தப் பல வழிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, முதல் பாதத்தின் 39ஆவது சூத்திரத்தில் அவரவருக்கு உகந்ததைத் தியானிக்கலாம் என்றும் சேர்க்கிறார். பௌத்தத் தியான நூலான விசுத்திமக்கம் 40 தியானப் பொருள்களை வகுத்து, கோபக்காரருக்கு மைத்ரி (எல்லோரிடமும் அன்பை வளர்ப்பது), மனம் குழம்பி அலைகிறவருக்கு மூச்சு என்று சுபாவம் பார்த்தே பிரித்துக் கொடுக்கிறது.

ஆனால் ஒவ்வொரு முறைக்குள்ளும், மிகையானதைத் தணிக்க ஒரு பிரேக் இருக்கிறது. மாற்றுகிறவர்கள் முதலில் கழற்றுவது பெரும்பாலும் அதைத்தான், ஏனென்றால் சலிப்பூட்டும் பகுதி அதுதான். வேதாத்திரி மகரிஷியின் முறையில், புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினை தவத்தோடு சாந்தி தவமும் சேர்த்தே கற்றுத் தரப்படுகிறது. புருவ மத்தியில் அழுத்தம் கூடினால் கவனத்தை முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்குவதற்காக வைத்தது அது. “ஆக்கினையில்தான் எனக்கு நன்றாக நிற்கிறது” என்று சாந்தியை விட்டுவிடுகிறவருக்கு நாளடைவில் நெற்றிப் பாரம், தூக்கக் குறைவு, எரிச்சல் வரக்கூடும். கோயங்கா வழி விபாசனா 10 நாள் முகாமின் கடைசியில் வரும் மைத்ரியும், பர்மியத் துறவி மஹாசி சயாதோவின் முறையில் உட்காருவதற்கு இணையாக வரும் நடைத் தியானமும், ஆசனங்களுக்குப் பிறகு சவாசனமும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எதைக் குறைத்தாலும் இவற்றைக் குறைக்காதீர்கள். நேரமில்லாத நாளில் 20 நிமிடத்தை 10 ஆக்குங்கள். அந்த 10க்குள் கடைசி 2 நிமிடம் பிரேக்குக்கு இருக்கட்டும்.

தாராளமாக மாற்றக்கூடியவற்றில் முதலாவது உட்காரும் விதம். பத்மாசனம் கட்டாயமில்லை. சப்பணம் போட்டால் முழங்கால் இடுப்பைவிட உயரமாக நிற்கிறது என்றால், கீழ் முதுகு வளைந்து பத்தாவது நிமிடத்தில் வலிக்கும். நாலு விரற்கடை முதல் ஒரு சாண் வரை உயரத்துக்குப் போர்வையை மடித்துப் பின்பக்கம் மட்டும் வையுங்கள். முழங்கால் தானாகத் தாழும். அப்படியும் ஆகாவிட்டால் நாற்காலி போதும்: பாதம் முழுக்கத் தரையில் படவேண்டும், எட்டாவிட்டால் கீழே பலகை போடலாம். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். அதைச் சகித்துக்கொண்டு உட்காருவது தவம் ஆகாது. காலை நீட்டி, உணர்வு முழுதும் திரும்பிய பிறகே எழுந்திருங்கள். மரத்த காலோடு எழுந்தால் கணுக்கால் மடங்கி விழுவீர்கள்.

கண்ணையும் மாற்றலாம். மூடினால் தூக்கமோ பயமோ வருகிறவர்கள் பாதி திறந்து, மூன்று நாலு அடி தள்ளித் தரையில் பார்வையைத் தளர்வாக வைக்கலாம். கவனிக்கும் பொருளும் அப்படியே. மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் நிறைய; ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் பதற்ற நோய் உள்ளவர்களுக்கும் இது அடிக்கடி நடக்கும். அவர்கள் உள்ளங்காலில், மடியில் கிடக்கும் கைகளில், அல்லது வெளியே கேட்கும் சத்தத்தில் கவனத்தை வைக்கட்டும். மூச்சுக்கு மாறியே ஆகவேண்டும் என்ற அவசியம் பிறகும் கிடையாது.

மூச்சை வெறுமனே கவனிப்பதும் மூச்சை ஆள்வதும் வெவ்வேறு. கவனிக்கத் தொடங்கியதும் பலர் தங்களை அறியாமலே ஆழமாக இழுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் கூச்சம், தலைச்சுற்றல். இதைச் சக்தி ஏறுவதாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுக்கிறவர்களும் உண்டு. நடப்பது என்னவென்றால், தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. உடனே பயிற்சியை நிறுத்தி, வாயை மூடி, மெதுவாக நடங்கள். சில நிமிடத்தில் சரியாகும்.

கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்குவதை, சொந்தமாக மாற்றவே கூடாது. திருமூலர் சொல்லும் கணக்கு 16 மாத்திரை (பழைய கால அளவு) பூரகம், அதாவது மூச்சை இழுப்பது; 64 கும்பகம்; 32 ரேசகம், அதாவது மூச்சை விடுவது. இதைப் படித்ததும் நொடிக் கணக்கில் எண்ணி மூச்சை அடக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது பயின்று முதிர்ந்தவருக்கான அளவு. தனியாகச் செய்கிறவருக்கு 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விட்டு, நடுவில் அடக்காமல், 5 நிமிடம் போதும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கண் நீர் அழுத்தம், கர்ப்பம் இருந்தால் கும்பகமும், வேகமாக மூச்சு விடும் கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேண்டாம். தண்ணீருக்குள்ளும் வண்டி ஓட்டும்போதும் இவற்றை யாரும் செய்யக்கூடாது. ஒரு நொடி மயக்கம் போதும், உயிர் போய்விடும்.

நேரத்தைக் கூட்டுவதில் அவசரம் ஆகாது. 10 நிமிடத்தில் தொடங்கி வாரம் 5 நிமிடம் கூட்டினால் போதும். ஆசிரியர் இல்லாமல் ஒரு நாளைக்கு 40 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முகாமில் 10 மணி நேரம் உட்கார்ந்தவர் வீட்டிலும் அதையே தொடர நினைப்பார். ஆனால் அங்கே சமைத்துப்போட ஆள் உண்டு, கேட்டால் பதில் சொல்ல ஆசிரியர் உண்டு. வீட்டில் வேலை, பிள்ளைகள், கடன் கவலையோடு அதே அளவைச் செய்தால் தூக்கம்தான் முதலில் கெடும்.

இரண்டு முறைகளை ஒரே அமர்வில் கலக்காதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால்கூட, தொந்தரவு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இதனால்தான் ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரண்டு வாரம் அப்படியே விடவேண்டும். ஒரு நோட்டில் தினமும் மூன்று விஷயம் குறியுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், வீட்டாரிடம் எரிந்து விழுந்தீர்களா, அன்றாட வேலை ஓடியதா. தியானத்தின்போது வந்த அனுபவத்தைவிட இந்த மூன்றும்தான் உண்மையைச் சொல்லும். வீட்டில் ஒருவரிடம் “நான் வித்தியாசமாக நடந்துகொண்டால் சொல்” என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவர் சொன்னால் வாதாடாதீர்கள்.

மனச்சிதைவு, இருதுருவ மனநோய் முன்பு வந்திருந்தால், அல்லது பெரிய அதிர்ச்சி ஒன்றிலிருந்து மீளாமல் இருந்தால், மனநல மருத்துவருக்குத் தெரிவித்த பிறகே தொடங்க வேண்டும். மௌன முகாம்களுக்கு விண்ணப்பிக்கும்போது இதை மறைக்காதீர்கள். தியானம் கைகூடுகிறது என்று மாத்திரையை நிறுத்துவது மிகப்பெரிய தவறு.

தொடர்ந்து மூன்று இரவு தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியவில்லை, சுற்றியிருப்பதெல்லாம் பொய்போலத் தோன்றுகிறது, யாரோ பேசுவது கேட்கிறது, தனக்கு விசேஷ சக்தி வந்துவிட்டதாக உறுதியாகப் படுகிறது, பழைய கொடுமை கண்முன் திரும்பத் திரும்ப வருகிறது: இதில் ஒன்று வந்தாலும் தியானத்தை அன்றே நிறுத்திவிடுங்கள். “இது ஒரு கட்டம், தாண்டிவிடலாம்” என்று யார் சொன்னாலும், ஆசிரியரே சொன்னாலும், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். உடனே ஒருவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

லேசான தொந்தரவு என்றால், நிறுத்திய நாட்களில் வயிறாரச் சாப்பிட்டு, உடல் வேலை செய்து, நாலு பேரோடு பேசிக்கொண்டிருங்கள். தூக்கம் இரண்டு வாரம் சீராக இருந்தபின், கண் திறந்தபடி 5 நிமிட நடைத் தியானத்தில் தொடங்குங்கள்: பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்து, பத்து அடி போய்த் திரும்ப வேண்டும். அது ஒரு வாரம் தொந்தரவில்லாமல் போனால் உட்கார்ந்து 5 நிமிடம். முன்பு தொந்தரவு கொடுத்த இடத்தில் மட்டும், அது நெற்றியோ மூச்சோ, கவனத்தை மறுபடி வைக்க வேண்டாம்.