ஒயர் அறுந்த போனும் ஒரு டயலாக்கும்

ஒரு எம்.எல்.ஏ. கட்சி மாறினால் போதும், ‘அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அரசியல் என்றாலே இப்படித்தான் என்ற அலுப்புக்கு அடையாளமாக அந்த வசனம் நிலைத்துவிட்டது. ‘சூரியன்’ (1992) படத்தில் கவுண்டமணி அதைச் சொல்லும் இடமோ வேறு. பெரிய புள்ளிபோல போனில் பந்தாவாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த போனின் ஒயர் அறுந்து நாளாகிறது என்று பக்கத்திலிருப்பவர் போட்டு உடைக்கிறார். பிடிபட்ட மனிதர் கொஞ்சமும் கூச்சப்படாமல் அடிக்கும் சமாளிப்புதான் அந்த வசனம்.

மற்ற படங்களை நையாண்டி செய்யும் பகடிப் படம் எடுப்பவர்கள் இந்த மாதிரி டயலாக்கை எடுத்துக் கையாளும்போது வார்த்தையை மட்டும் கடன் வாங்குவதில்லை, அந்த நிலைமையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். ஒரு பாத்திரம் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட இடத்தில் இந்த வசனம் வந்தால் பழைய காட்சியைப் பார்த்தவருக்கு இரட்டைச் சிரிப்பு. மீம் வழியாக மட்டும் தெரிந்தவர், ‘ஓ, கவுண்டமணி டயலாக்’ என்று பெயர் கண்டுபிடித்த திருப்தியோடு நின்றுவிடுவார். பகடிப் படம் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகளில் முதலாவது இதுதான். படத்தின் பெயரைக் கண்டுபிடித்ததும் ஜோக் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது, இன்று சிரிப்பு வரவழைக்கும் வசனமெல்லாம் அன்றும் காமெடியாகவே பிறந்தது என்று எடுத்துக்கொள்வது. ‘என்ன கொடும சரவணன் இது’ என்பதை யோசித்துப் பாருங்கள். ‘சந்திரமுகி’ (2005) படத்தில் பிரபு அதைச் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. தன் மனைவி கண்ணெதிரே வேறொருத்தியாக மாறி நிற்பதைப் பார்த்து உடைந்துபோன கணவனின் வாயிலிருந்து வருவது அது. இரண்டே வருடத்தில் ‘சென்னை 600028’ (2007) வந்தது. பிரேம்ஜி அதை ‘என்ன கொடும சார் இது’ என்று ஆக்கி, சின்னச் சின்ன எரிச்சலுக்கெல்லாம் சொன்னார். பெருந்துயரத்துக்கான வசனத்தை அற்ப விஷயத்துக்குச் செலவழிப்பதுதான் அங்கே வேடிக்கை. இப்போது பலருக்கு ‘சார்’ தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தப் பழக்கத்தோடு ‘சந்திரமுகி’யை முதல்முறை பார்க்கிற பிள்ளைகள், அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிடுகிறார்கள். ‘நாயகன்’ (1987) படத்தின் ‘நீங்க நல்லவரா கெட்டவரா’வுக்கும் இதே கதிதான்.

அதனால் ஒரு வசனத்தின் மூலத்தைத் தேடும்போது, அது முதலில் சிரிப்பா அழுகையா என்று பார்த்துவிடுவது நல்லது. அழுகை என்றால் பகடி அந்த உருக்கத்தைக் குறிவைக்கிறது. சிரிப்பு என்றால் பெரும்பாலும் அது ஒரு வணக்கம்தான், கிண்டல் கிடையாது. கவுண்டமணி வசனத்தையும் வடிவேலு வசனத்தையும் யாரும் கேலி செய்வதற்காக எடுப்பதில்லை. அன்பினால்தான் எடுக்கிறார்கள்.

சரி, மூலத்தைத் தேடினால் எங்கே நிறுத்துவது? முதல் படியிலேயே நின்றுவிடுவது இன்னொரு சறுக்கல். ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ (2006) படத்திலிருந்து ‘க க க போ’ கிளம்பி ஊரெல்லாம் சுற்றியது. ‘கருத்துகளைக் கச்சிதமாகக் கவ்விக்கொண்டீர்கள், போங்கள்’ என்ற பாராட்டின் முதல் எழுத்துகள் அவை. 2016இல் அதே பெயரில் ஒரு படமும் வந்தது. ஆனால் புலிகேசியே ஒரு பகடிப் படம். பிரிந்து வளரும் இரட்டையர், ஒருவன் கொடுங்கோலன், இன்னொருவன் நல்லவன் என்ற அதன் கதை 1958இல் சிவாஜி இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திர’னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. அதே பெயரில் 1940இல் பி.யு. சின்னப்பாவும் இரட்டை வேடம் போட்டிருக்கிறார். அரசவைத் தமிழை அடுக்குமொழியில் முழங்கும் வழக்கம் ஐம்பதுகளின் படங்களில் வேரூன்றியது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) வரி கேட்கும் காட்சியைப் பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் பேசாத தலைமுறையே இல்லை. வடிவேலு அந்த முழக்கத்தை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே கோழையாக நெளியும்போதுதான் ‘க க க போ’வுக்குச் சுவை கூடுகிறது. செந்தமிழின் மிடுக்கு ஒரு பக்கம், அதைச் சுருக்கி நாலு எழுத்தாக்கும் சோம்பேறித்தனம் இன்னொரு பக்கம்.

தருமியின் கதை இன்னும் நீளம். ‘சொக்கா… ஆயிரம் பொன்னாச்சே… எனக்கில்லை, எனக்கில்லை’ என்ற புலம்பல் லாட்டரி, போனஸ், இன்கிரிமென்ட் என்று கைநழுவிப்போன எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுகிறது. பேராசைக்காரனின் புலம்பல் என்று அதை நினைப்பவர்கள் உண்டு. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் நாகேஷ் நடித்த தருமியோ ஓர் ஏழைப் புலவன். பரிசு கிடைத்தால் வறுமை தீரும் என்று ஏங்குகிறவன், கவிதை எழுத வராமல் கோயிலில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறான். சேர்ந்தே இருப்பது எது என்று கேட்டால் வறுமையும் புலமையும் என்று பதில் வரும் உலகம் அது. அந்தக் கதைக்கும் பின்னால் திருவிளையாடற் புராணம் இருக்கிறது. தருமிக்கு இறைவன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பாட்டோ குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, ‘கொங்குதேர் வாழ்க்கை’. ஒரு மீமைப் பிடித்து இழுத்தால் சங்க இலக்கியம் வரைக்கும் போகிறது! அவ்வளவு தூரம் போய்த்தான் சிரிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த ஏழ்மை தெரியாமல் சிரித்தால் பாதிதான் சிரித்தோம்.

காதை மட்டும் தீட்டிக்கொண்டு பகடிப் படத்துக்கு உட்காருவதும் சரிவராது. சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ (2010) இதற்கு நல்ல பாடம். அதில் கதாநாயகன் சிவாவின் நண்பர்களாக எம்.எஸ். பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா வருகிறார்கள். வயதில் பெரியவர்களான இவர்களுக்குப் படத்தில் நகுல், பரத், சித்தார்த் என்று பெயர். ‘பாய்ஸ்’ (2003) படத்தில் அறிமுகமான இளைஞர்களின் பெயர்கள் அவை. வசனமே தேவையில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே ஜோக் முடிந்துவிடுகிறது. படத்தின் தொடக்கத்தில் ஆண் குழந்தைகளைக் கொல்லும் ஒரு கிராமம் வரும். ‘கருத்தம்மா’ (1994) பேசிய பெண்சிசுக் கொலையை அப்படியே தலைகீழாக்கியது அது. டயலாக்குக்காகக் காத்திருப்பவர் இவை இரண்டையும் தவறவிட்டுவிட்டு, ‘இதில் என்ன காமெடி?’ என்பார்.

யார் சொன்னது என்பதில் வரும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘வரும் ஆனா வராது’ வடிவேலு வசனம் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அந்தக் காட்சியில் வடிவேலு கேட்டுத் தவிக்கிறவர் மட்டும்தான். சொன்னவர் என்னத்த கன்னையா, படம் ‘தொட்டால் பூ மலரும்’ (2007). இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கன்னையாவின் அடைமொழியே ஒரு பழைய காமெடிப் பேச்சுதான். ‘நான்’ (1967) படத்தில் ‘என்னத்த’ என்று அவர் சலித்துக்கொண்டது பெயரோடு ஒட்டிக்கொண்டது. நாற்பது வருடம் கழித்து அதே சலிப்புக் குரலில் இன்னொரு டயலாக்கை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

எதைப் பார்த்தாலும் பகடி என்று சொல்லிக்கொண்டு திரிவதும் வேண்டாம். ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ (2013) என்ற தலைப்பு ‘வின்னர்’ (2003) கைப்புள்ளயிடமிருந்து வந்தது. ‘நானும் ரவுடி தான்’ (2015) ‘தலைநகரம்’ (2006) படத்தின் நாய் சேகர் சொன்னது. இரண்டுமே தனிக்கதைகள். மூலத்தை யாரும் கலாய்க்கவில்லை. ஊருக்குத் தெரிந்த வார்த்தையைத் தலைப்பாக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, வசனம் ஊருக்குள் புழங்கப் புழங்கப் பொருள் மாறும். ‘ப்ரண்ட்ஸ்’ (2001) படத்தில் வீட்டு வேலைக்கு வந்த ஆட்கள் செய்யும் நாசத்தைப் பார்த்து நொந்துபோன காண்டிராக்டர் நேசமணி (வடிவேலு), ‘ஆணியே புடுங்க வேணாம்’ என்கிறார். சில வருடங்களில் தமிழ் வலைப்பதிவர்களும் ஐ.டி. அலுவலகத்தவர்களும் வேலைக்கே ‘ஆணி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘இன்னைக்கு ஆணி அதிகம்’ என்றால் வேலைப்பளு. பிறகு 2019 மே மாதத்தில், அதே படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த நேசமணிக்காக ட்விட்டரில் உலகமே விளையாட்டாகப் பிரார்த்தித்தது. ஆகவே ஒரு புதுப் படத்தில் ‘ஆணி’ வந்தால் இந்த மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2001 மட்டுமே தெரிந்தவருக்கும் 2019 மட்டுமே தெரிந்தவருக்கும் பாதிப் பாதி புரியும்.

கடைசியாக நானே செய்கிற தவறு. படம் ஓடும்போதே பக்கத்திலிருப்பவருக்கு விளக்கம் சொல்வது. நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஜோக் போய்விடும். எனக்கும் போச்சு, அவருக்கும் போச்சு. அதைவிட, படத்துக்கு முன்பே மூலக்காட்சியை யூடியூபில் ஐந்து நிமிடம் போட்டுக் காட்டிவிடலாம். அப்படித்தான் போன மாதம் அக்கா மகனை உட்காரவைத்து அந்த ‘சூரியன்’ காட்சியைக் காட்டினேன். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முழுக்கப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: “எல்லாம் சரி மாமா, போனுக்கு எதுக்கு ஒயர்?”