பழைய காரின் சென்ட்ரல் லாக்: மோட்டாரை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் பூட்டும் சென்ட்ரல் லாக்கில் மூன்று கதவுகள் பூட்டிக்கொண்டு ஒன்று மட்டும் அசையாமல் நின்றால், பலரும் உடனே அந்தக் கதவின் பூட்டை இயக்கும் மோட்டாரைப் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஓடிய காரில், கதவுக்கும் அதைத் தாங்கும் காரின் தூணுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது அங்கே மடிந்து நிமிர்கிறது. ஓட்டுநர் கதவில் ஐந்து ஒயர் மோட்டாரும் மற்றக் கதவுகளில் இரண்டு ஒயர் மோட்டாரும் கொண்ட, பின்னாளில் பொருத்தப்பட்ட அமைப்புக்கான விளக்கம் இது. வேலையைத் தொடங்கும் முன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சோதனையின் நடுவே கார் பூட்டிக்கொள்ளக்கூடும்.

முதலில் பழுதின் குணத்தைக் கவனியுங்கள். எந்தக் கதவுமே அசையவில்லை என்றால் ரிமோட்டின் பேட்டரி, ஃபியூஸ், எர்த் இணைப்பு (காரின் உலோக உடலோடு சேரும் ஒயர்) என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் அளவிலேயே மாற்ற வேண்டும். பெரிதாகப் போட்டால் அடுத்து எரிவது ஒயர். எல்லாக் கதவுகளும் ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டு, ஓட்டுநர் கதவில் சாவியைத் திருப்பும்போது மட்டும் மற்றக் கதவுகள் அசையவில்லை என்றால், ஓட்டுநர் கதவு மோட்டாருக்குள் உள்ள சிறு ஸ்விட்ச்சையோ அதன் மூன்று மெல்லிய ஒயர்களையோ சந்தேகியுங்கள்.

ஒரே ஒரு கதவுதான் சிக்கல் என்றால், வேறொருவரை ரிமோட்டை அழுத்தச் சொல்லி அந்தக் கதவில் காதை வையுங்கள். மெலிதாக 'டக்' என்று கேட்டால் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது; பூட்டு உலர்ந்து இறுகியிருக்கலாம், அல்லது மோட்டாரையும் பூட்டையும் இணைக்கும் கம்பியைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கலாம். ஒலியே இல்லை என்றால் ரப்பர் குழாயைத் தூண் பக்கமிருந்து கழற்றி, ஒவ்வொரு ஒயரையும் விரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். என் காரின் பின்கதவில் ஓர் ஒயர் பழைய ரப்பர் பேண்டு போல நீண்டது. மேலுறையில் கீறல்கூட இல்லை. உரித்தால், பச்சை பிடித்த செம்பு இழைகள் இரண்டே இரண்டு மிச்சமிருந்தன.

இத்தகைய ஒயரில் மல்ட்டிமீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும். மோட்டாரை இழுக்கும் அளவு மின்னோட்டம் அந்த இரண்டு இழைகளில் வராது. ஆகவே கதவின் உட்பலகையைக் கழற்றி, மோட்டாரின் இணைப்பைப் பிரித்து, இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பை மோட்டாருக்கு மின்சாரம் தரும் இரு ஒயர்களுக்கு இடையே பிடியுங்கள். பூட்டும்போதும் திறக்கும்போதும் பல்பு ஒரு நொடிக்கும் குறைவாகப் பளிச்சென்று எரிய வேண்டும். எரிந்து, இணைப்பும் பூட்டும் சரியாக இருந்தும் மோட்டார் அசையவில்லை என்றால்தான் அதை மாற்ற வேண்டும். மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ ஒயரைச் சரிசெய்ய வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, பழுதான பகுதியை வெட்டி, வளையக்கூடிய பல இழை ஒயரைப் போதிய நீளத்தில் ஈயம் வைத்துச் சேருங்கள். ஈயம் வைத்த இடம் விறைத்துப்போவதால் இணைப்புகள் மடிப்பில் வரக் கூடாது. ஒன்று தூணுக்குள்ளும் மற்றொன்று கதவுக்குள்ளும் இருக்கட்டும். இணைப்புகளின் மேல் சூட்டில் சுருங்கும் உறை போட்டு, பேட்டரியை இணைத்து, கதவைப் பாதி திறந்த நிலையிலும் முழுதும் திறந்த நிலையிலும் பலமுறை பூட்டித் திறந்து பாருங்கள். உட்பலகையை மாட்டும் முன் அதன் பின்னாலிருந்த பிளாஸ்டிக் தாளை மறக்காமல் ஒட்டுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் உட்பலகையை நனைக்காமல் தடுப்பது அதுதான்.