படிப்பவரைச் சம்மதிக்க வைக்கும் எழுத்து: அணிகளை எங்கே, எப்படிச் சேர்ப்பது?

புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் அலங்காரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் வரியிலேயே உவமை, அதன் பின்னால் மூன்று ஆச்சரியக்குறி. படிப்பவர் ரசிப்பார், ஆனால் மனம் மாறமாட்டார். உவமை, கேள்வி போன்ற இந்த அணி காரணத்துக்குத்தான் வலு சேர்க்கும். காரணமே இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. ரத்த தானத்துக்கு அழைக்கும் ஒரு சின்னப் பத்தியை வைத்தே இதைப் பழகுவோம்.

படி 1: காரணத்தை வெறுமனே எழுதுங்கள்

"ரத்த தானம் மிக அவசியம், அனைவரும் செய்யுங்கள்" என்பது வேண்டுகோள் மட்டுமே. ஏன் இப்போதே கொடுக்க வேண்டும்? ரத்தத்தில் இருக்கும், பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களைப் பொதுவாக 5 நாள் வரைதான் சேமிக்க முடியும். ஆக, யாராவது ஒருவர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் காரணம்.

படி 2: ஒரு கேள்வி

"உங்களுக்கு இரக்கமே இல்லையா?" என்று கேட்டால் படிப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். "போன மாதம் சேமித்த தட்டணு இன்று யாருக்கு உதவும்?" என்று கேளுங்கள். பதிலை அவரே சொல்லிக்கொள்வார். தானே கண்டுபிடித்த பதிலோடு யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் 5 நாள் என்ற தகவலுக்குப் பிறகுதான் இந்தக் கேள்வி வர வேண்டும், முன்னால் வந்தால் வெறும் புதிர்.

படி 3: திரும்பச் சொல்லுதல்

எனக்கு மிகப் பிடித்த உத்தி இது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் "எனக்கொரு கனவு உண்டு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொற்றொடர் அதேதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் புதிய காட்சி வந்தது. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

தமிழில் வினை கடைசியில் வருவதால், வரி முடிவில் திரும்பச் சொல்வது இயல்பாகவே அமையும்:

"விபத்தில் சிக்கியவருக்கு ரத்தம் வேண்டும். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு ரத்தம் வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு ரத்தம் வேண்டும்."

மூன்றோடு நிறுத்துங்கள். ஐந்தாறு ஆனால் படிப்பவர் எண்ண ஆரம்பித்துவிடுவார். மனதை அதிகம் தொடுவது கடைசியில் வரட்டும்.

படி 4: முரண்

"கொடுப்பவருக்கு ஒரு மணி நேரம், பெறுபவருக்கு மீதி ஆயுள்." இரண்டு எதிர்நிலைகளை ஒட்டி வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இதில் மிகைப்படுத்துவது ரொம்ப எளிது, அதனால் இரண்டு பக்கமும் உண்மைதானா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

படி 5: எதுகை, மோனை

தலைப்பிலோ கடைசி வரியிலோ அளவாக வரலாம். முதல் எழுத்து ஒன்றிவரும் மோனைக்கு ஓர் எடுத்துக்காட்டு: "தயங்காமல் தானம் தாருங்கள்." நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் வரிகளில் வேண்டாம், விளம்பர வாடை அடிக்கும்.

படி 6: வாய்விட்டுப் படித்து வெட்டுங்கள்

சரி, எல்லாவற்றையும் சேர்த்தாயிற்று. அப்புறம் ஒவ்வோர் அணியாக எடுத்துவிட்டுப் படியுங்கள். எதை எடுத்த பிறகும் குறை தெரியவில்லையோ, அது போகட்டும். நம் பத்தியில் கேள்வியும் முரணும் அடுத்தடுத்து வந்தால் நான் முரணைத்தான் வெட்டுவேன். "இன்றே வாருங்கள்" என்று அழைப்பதற்கான காரணம் கேள்வியில்தான் இருக்கிறது.