சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு யோகா: சவாசனத்திலிருந்து தொடங்குங்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் யோகா என்றாலே தலைகீழாக நிற்பதுதான் என்று நினைக்கிறவர்கள் இன்னும் உண்டு. பிரஷர்காரர்கள் முதலில் மறக்க வேண்டியது அதைத்தான். தலைகீழாக நிற்கும் சிரசாசனம், தோளில் நிற்கும் சர்வாங்காசனம், வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் எதுவும் வேண்டாம். சுகரால் விழித்திரை கெட்டிருப்பவர்கள் தலையைத் தாழ்த்தவே கூடாது. கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். அது டாக்டர் வேலை.

தொடங்கும் முன்

சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மரச்சீனியும் மீன்குழம்பும் என்றால் 3. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் சாயங்காலம் செய்யலாம், ஒன்றும் குறையாது.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறவர்களும் சுகரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஒரு மட்டிப்பழம் தின்றுவிட்டுச் செய்யலாம். 70க்குக் கீழே போனால் யோகாவை விடுங்கள்: 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிரஷர் 180/110 காட்டினால் அன்றைக்குப் பாயை விரிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

படி 1: சவாசனம்

எல்லோரும் கடைசியில் செய்வதை நீங்கள் முதலில் பழகுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். ஒரு கை வயிற்றின் மேல். 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். எண்ணுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு. கை ஏறி இறங்க வேண்டும். நெஞ்சு ஏறினால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். மூச்சு நிதானமாக வெளியேறும்போது வேகஸ் நரம்பு வேலை செய்து இதயத் துடிப்பைத் தணிக்கிறது. பிரஷர்காரர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

முதல் வாரம் 5 நிமிடம் இது மட்டும் போதும். "படுத்துக் கிடக்கிறதா யோகா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, சற்று உட்கார்ந்த பிறகே நில்லுங்கள். பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

படி 2: தாடாசனம்

சுவருக்குப் பக்கத்தில் நின்று, மூச்சை இழுத்தபடி கைகளையும் குதிகாலையும் உயர்த்துங்கள்; விட்டபடி இறக்குங்கள். 5 முறை. பாதம் மரத்திருப்பவர்கள் குதிகாலைத் தூக்க வேண்டாம். முடிந்ததும் உள்ளங்காலில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: வக்ராசனம்

கால்களை நீட்டி உட்காருங்கள். வலது காலை மடக்கி, பாதத்தை இடது முழங்காலுக்குப் பக்கத்தில் ஊன்றுங்கள். வலது கை முதுகுக்குப் பின்னால் தரையில். இடது கையை வலது முழங்காலின் வெளிப்புறம் வைத்து, மூச்சை விட்டபடி வலப்பக்கம் திரும்புங்கள். அங்கேயே நின்று வாய்விட்டு 1, 2, 3 எண்ணுங்கள். எண்ண முடிந்தால் மூச்சை அடக்கவில்லை. பிறகு மறுபக்கம். தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியிலேயே திரும்பலாம்.

இப்படித் திரும்பினால் கணையம் பிழியப்பட்டு இன்சுலின் ஊறும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தசை வேலை செய்தால் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வாரம் 150 நிமிட நடையையும் விடக் கூடாது.

பிறகு குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தும் புஜங்காசனத்தைத் தாழ்வாக, 2 முறை. திரும்பவும் சவாசனம், 5 நிமிடம்.

கணக்கு

ஆசனம் முடிந்த கையோடு பிரஷர் பார்க்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், சாயா குடித்து அரை மணி நேரமாவது கழிந்து, 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். சுகருக்கு ஹெச்பிஏ1சி பரிசோதனை ஏறக்குறைய 3 மாதச் சராசரியைக் காட்டும். ஒரு வாரத்தில் பலன் தேடாதீர்கள்.

நெஞ்சு இறுக்கமோ, இடது கை வலியோ, குப்பென்று வியர்வையோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் இருந்தாலும் அதே எண்தான்.